லௌஷா கண்ணாடி உருவங்கள், ஷைனி பிரைட், ஹால்மார்க்: அடையாளம் காண்பது, தொங்கவிடுவது, கடலோர ஈரத்தில் காப்பது

#1 உப்புக்காற்று (தூத்துக்குடி)

பழைய கிறிஸ்துமஸ் மர அலங்காரங்களைச் சேர்ப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கைவசம் மூன்று வகை இருக்கின்றன. லௌஷா (ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள கண்ணாடித் தொழில் ஊர்) என்று சொல்லி விற்கப்பட்ட ஊது கண்ணாடி உருவங்கள்: கிறிஸ்துமஸ் தாத்தா, வால் வைத்த பறவை, பைன் காய், ஒரு வெள்ளரிக்காய். அடுத்தது ஷைனி பிரைட் என்ற அமெரிக்கத் தயாரிப்புக் கண்ணாடிக் குண்டுகள் ஒரு பெட்டி, அதில் சில குண்டுகள் உள்ளே ரசம் (பளபளக்கும் வெள்ளிப் பூச்சு) இல்லாமல் வெறும் கண்ணாடியாக இருக்கின்றன. மூன்றாவது ஹால்மார்க் கீப்சேக், அதாவது ஹால்மார்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அலங்கார உருவங்கள், அதில் இரண்டு சீரியல் லைட் சாக்கெட்டில் செருகி எரியவிடும் வகை.

லௌஷா உருவங்கள் நிஜமாகவே பழையவையா, பழைய அச்சில் புதிதாக ஊதியவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீலிங் ஃபேன் ஓடும் அறையில் மரம் வைத்தால் எப்படித் தொங்கவிடுவது? இந்தக் கடற்காற்றில் மீதி பதினோரு மாதம் எப்படி வைப்பது? நம்ம ஊர் 230 வோல்ட்டில் ஹால்மார்க்கை எரிய வைக்க வழி உண்டா?

#2 கண்ணாடிக்குருவி (நியூரம்பர்க்)

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். உருவத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. துரிங்கியாவில் அச்சுகள் அப்பா, பிள்ளை, பேரன் என்று கைமாறி வந்தவை. ஒரே தாத்தா முகம் 1910-இலும் ஊதப்பட்டிருக்கலாம், போன வருஷமும் ஊதப்பட்டிருக்கலாம். கோபுர்க் அருகே நொய்ஷ்டாட்டில் உள்ள இங்கே கிளாஸ் நிறுவனம் இன்றும் பழைய அச்சுகளில் ஊதுகிறது, அதைச் சொல்லியேதான் விற்கிறது. அதனால் முகத்தை விட்டுவிட்டு கழுத்து, மூடி, ரசம், எடை, பெயின்ட் என்ற வரிசையில் பாருங்கள்.

செய்முறை தெரிந்தால் இந்த வரிசை ஏன் என்று புரியும். கண்ணாடிக் குழாயின் ஒரு பகுதியை கேஸ் சுடரில் இளக்கி, இரண்டு பாதி அச்சுக்குள் வைத்து, குழாயின் முனையிலிருந்து ஊதுவார்கள். மீதிக் குழாய் கைப்பிடியாக ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கைப்பிடி வழியாகவே வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, சர்க்கரை வகைக் கரைசல் மூன்றையும் சேர்த்து உள்ளே விட்டு, வெந்நீரில் பிடித்துக் குலுக்குவார்கள். வெள்ளி உட்சுவரில் படியும், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். காய்ந்த பிறகு அரக்கில் முக்கி, கையால் கண், தாடி, பொத்தான் எல்லாம் வரைவார்கள். கடைசியில்தான் கைப்பிடியைக் கீறி ஒடித்து, ஒடிந்த விளிம்பின் மேல் மூடியை மாட்டுவார்கள். ஆக, நிறம் வெளியே இருக்கிறது, வெள்ளி உள்ளே இருக்கிறது, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடி. உள்ளே காற்று போகும் ஒரே வழி அந்த ஒடித்த கழுத்து.

இப்போது அடையாளம்.

கழுத்தே இல்லாமல், துளை உருண்டையின் மேற்பரப்போடு சமமாக வெட்டப்பட்டு, கையில் எடுத்தால் கனமாக இருந்தால், அது 19-ஆம் நூற்றாண்டு கூகல் (தடித்த கண்ணாடியில் செய்த பழைய ஜெர்மானியக் குண்டு) வகையாக இருக்கலாம். மூடி பித்தளையில் இலை வேலைப்பாட்டோடு வட்டத் தகடாக இருக்கும். வெள்ளி, தங்கம், பச்சை, நீலம் நிறைய கிடைக்கும். சிவப்பும் ஊதாவும் அரிது, விலையும் அதற்கேற்றபடி. இந்தியாவிலும் கூகல் பாணியில் புதிதாகச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள், விற்பவர் அதைச் சொல்லாவிட்டால் ஏமாறுவது எளிது.

மெல்லிய கண்ணாடி, நீட்டிய கழுத்து என்றால் அதற்குப் பிந்தியது. லௌஷாவில் கண்ணாடித் தொழில் 1597-இல் ஹான்ஸ் கிரைனரும் கிறிஸ்டோஃப் முல்லரும் தொடங்கியது. மரத்துக்கான குண்டுகளைப் பற்றிய பதிவு 1848-ஆம் ஆண்டு ஆர்டர் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. ஆனால் மெல்லிய பெரிய குண்டு சாத்தியமானது 1867-இல் அங்கே கேஸ் ஆலை வந்த பிறகுதான், சீரான சூடு இல்லாமல் அவ்வளவு மெல்லியதாக ஊத வராது. 1880 வாக்கில் வுல்வொர்த் என்ற அமெரிக்க வணிகர் தன் கடைகளுக்கு இறக்குமதி செய்யத் தொடங்கியதும் ஊரே இதே வேலையில் இறங்கியது.

மூடியில் ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் இங்கே கிளாஸ். 'மேற்கு ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். 'அமெரிக்க மண்டலம்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்த உடனான சில வருஷங்கள். ஆனால் மூடி கழற்றி மாட்டக்கூடிய பொருள். பழைய மூடியைப் புது உருவத்துக்கு மாட்டி விற்பது நடக்கிறது. மூடியின் விட்டமும் கழுத்தின் விட்டமும் பொருந்துகிறதா, மூடி உட்காரும் இடத்தில் பெயின்ட்டில் பழைய வட்டத் தடம் இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

பெயின்ட்டில் மூக்கு, வயிறு, கைப்பை என மேடான இடங்கள் தேய்ந்து, பள்ளங்களில் நிறம் தங்கியிருந்தால் இயற்கையான தேய்மானம். எல்லா இடமும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், புதிய வெள்ளைப் பூச்சுகளில் பல பளிச்சென்று நீலமாக ஒளிரும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மற்றவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளரிக்காய் பற்றி ஒரு வார்த்தை. அதை மரத்தில் ஒளித்து வைத்துத் தேடுவது ஜெர்மானியப் பழக்கம் என்று பெட்டியில் எழுதி விற்பார்கள். இங்கே பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு வழக்கமே தெரியாது, அது அமெரிக்காவில் பரவியது. உருவம் நல்ல உருவம்தான். அந்தக் கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

#3 ஊசியிலை (டொரண்டோ)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாங்கும்போது மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் கழுத்து உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. கழுத்து விளிம்பில் பிறை மாதிரி துண்டு போயிருந்தால் மூடி மறைத்துவிடும். விலையில் பெரிய வித்தியாசம், தொங்கவிடும்போது ஆபத்தும் அங்கேதான்.

மூடியை எப்படிக் கழற்றுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உருவத்தை மடித்த துண்டின் மேல் படுக்க வையுங்கள். கையில் தூக்கிக்கொண்டு செய்யாதீர்கள். மூடிக்குள் போகும் கம்பிக்கு இரண்டு கால்கள். மேலே தெரியும் வளையத்தின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருக்கி, கால்கள் உள்ளே சேர்ந்ததும் நேராக மேலே எடுங்கள். திருகவே கூடாது. திருகினால் கம்பிக்கால் உள்ளே ரசத்தில் வட்டமாகக் கீறும், வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புக் கோடாகத் தெரியும், அதைச் சரிசெய்ய முடியாது.

மூடி தளர்ந்திருந்தால் பசை வைக்காதீர்கள். கம்பியை வெளியே எடுத்து, கால்களை இரு பக்கமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் விரித்து, மறுபடி நெருக்கிச் செருகினாலே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் விரித்தால் கம்பி கழுத்தை உள்ளிருந்து தள்ளி ஒரு நாள் விரிசல் விடும். சூப்பர் குளூ ஆவி கண்ணாடிக்குள் வெண்படலமாகப் படியும், அப்புறம் மூடியைக் கழற்றவும் முடியாது.

இனி தொங்கவிடுவது. கடையில் கிடைக்கும் மெல்லிய பச்சைக் கொக்கிகள் வேண்டாம், கனம் ஏறினால் நிமிர்ந்துவிடும். 1 மி.மீ. துத்தநாகம் பூசிய கம்பியை 8 செ.மீ. துண்டுகளாக வெட்டி எஸ் வடிவில் வளையுங்கள். கீழ் வளைவை மூடியின் வளையத்தில் மாட்டி, குறட்டால் முழுக்க மூடிவிடுங்கள். மேல் வளைவை கிளையின் மேல் போட்டு அதையும் நெருக்குங்கள். செயற்கை மரமாக இருந்தால் கிளையின் நுனிக் கம்பியையே கொக்கியைச் சுற்றி ஒரு சுற்று சுற்றலாம், பூனை தட்டினாலும் கழன்று வராது. வெட்டிய கம்பி முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள், பக்கத்துக் குண்டின் பெயின்ட்டைக் கீறுவது பெரும்பாலும் அந்த முனைதான்.

நைலான் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று சிலர் அதில் கட்டுவார்கள். சாதாரண முடிச்சு நைலானில் மெல்ல மெல்ல வழுக்கி அவிழும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு முறை உள்ளே நுழைத்து இறுக்கும் முடிச்சுப் போட்டு, நுனியை 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

ஃபேன் கேள்வி முக்கியமானது. ஃபேன் காற்றில் குண்டுகள் கீழே விழுவதைவிட ஒன்றோடொன்று மோதித்தான் அதிகம் உடைகின்றன, அல்லது மோதும் இடத்தில் பெயின்ட் வட்டமாக உதிர்கிறது. எந்த இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி வேண்டும். கிளை நுனியில் தொங்குவது ஊஞ்சல் மாதிரி ஆடும், தண்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தொங்குவது அவ்வளவு ஆடாது. கனமான ஹால்மார்க் உருவங்களைத் தண்டுக்கு அருகே தடித்த கிளையில் போடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே மரம் வேண்டாம், அறையின் மூலைக்குத் தள்ளி, மரத்தின் அடித்தாங்கியில் மணல் மூட்டை வையுங்கள்.

ஏற்றும் வரிசை இதுதான். முதலில் விளக்குகள், அடுத்து மணிச்சரங்கள், பிறகு பெரியவை உள்பக்கம், கடைசியில் சிறியவை வெளிப்பக்கம். விளக்கைப் பிறகு செருகலாம் என்று விட்டால் கை பட்டுத்தான் உடையும். நுணுக்க வேலை உள்ள உருவங்கள் கண்மட்டத்தில், தரையிலிருந்து 120 முதல் 160 செ.மீ. உயரத்துக்குள். 60 செ.மீ.க்குக் கீழே கண்ணாடி எதுவும் வேண்டாம். அங்கே மரத்திலோ துணியிலோ செய்தவை போதும்.

அடர்ந்த செயற்கை மரம் இந்த உருவங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது என் கட்சி. கிளைகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால்தான் உருவம் நேராகத் தொங்கி, முழு உருவமாகத் தெரியும். ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் வாத்து இறகுகளைப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றிச் செய்த இறகு மரங்கள் இதற்கு அருமையானவை. கிளைகள் அடுக்கடுக்காக, நடுவில் நல்ல இடைவெளியோடு இருக்கும். இப்போதும் அதே பாணியில் செய்கிறார்கள். அடர்ந்த மரம்தான் இருக்கிறது என்றால், தொங்கவிடும் இடத்துக்குக் கீழே உள்ள சிறு கிளைகளை மேல் நோக்கி மடக்கி இடம் விடுங்கள்.

#4 சீரியல்செட் (ஹூஸ்டன்)

ஹால்மார்க் மின்சாரம் நம்ம டிபார்ட்மென்ட். தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த ரெண்டையும் உங்க ஊர் சீரியல் செட்ல செருகிடாதீங்க.

கணக்கு இதுதான். அமெரிக்காவில 120 வோல்ட். பழைய மினி பல்ப் சரத்துல 50 பல்ப் ஒரே தொடர். 120-ஐ 50-ஆல வகுத்தா ஒரு பல்புக்கு 2.4 வோல்ட். 100 பல்ப் சரம்னா 50, 50-ஆ ரெண்டு தொடர், அப்பவும் 2.4 தான். அந்த உருவம் ஒரு பல்போட இடத்துல உட்கார்ந்து அந்த 2.4 வோல்ட்டத்தான் வாங்கிக்குது. 35 பல்ப் தொடர்ல செருகினா 3.4 வோல்ட் ஏறும், உள்ள இருக்கிற விளக்கோ மோட்டாரோ போயிடும். நம்ம ஊர் செட்ல எத்தனை பல்ப் தொடர்ல இருக்குன்னு பெட்டியிலயே எழுதியிருக்காது, சாக்கெட் அளவும் வேற.

சரியான வழி: 230-ஐ 120-ஆ இறக்குற காயில் சுத்தின டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு. கூடவே அமெரிக்க இழை பல்ப் சரம், 50 அல்லது 100. அந்த 100 பல்ப் சரம் சுமார் 40 வாட்தான் எடுக்கும், அதனால 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். ஹேர் ட்ரையருக்குன்னு விக்கிற லேசான எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் வேண்டாம். அது அலையை வெட்டி வெட்டி அனுப்பும், மோட்டார் வச்ச உருவங்கள் உறுமும், சூடாகும்.

எல்இடி சரத்துல செருகினா வேலை செய்யாது. இழை பல்ப் தொடர்ல சுமார் 170 மில்லி ஆம்பியர் ஓடும், எல்இடியில 20 பக்கம்தான். மோட்டார் சுத்த அது பத்தாது. பலர் இதைத் தெரியாம உருவம் கெட்டுப்போச்சுன்னு பாதி விலைக்கு வித்துடறாங்க. வாங்கறவங்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

இன்னொண்ணு. உருவத்தைப் பிடுங்கிட்டு சாக்கெட்டைக் காலியா விட்டா அந்தத் தொடர் முழுக்க அணைஞ்சிடும். எடுத்த பல்பைப் பத்திரமா வச்சு, திரும்பச் செருகணும். ஒரு சரத்துல எத்தனை உருவம் செருகலாம்னு பெட்டியில போட்டிருக்கும், அதுக்கு மேல போகாதீங்க.

1991-ல வந்த, ஸ்டார் டிரெக் டிவி தொடரோட என்டர்பிரைஸ் விண்கப்பலும் இந்தச் சாக்கெட் வகைதான். 1992-ல வந்த கலிலியோ ஓடம், அந்தத் தொடர்ல நடிச்ச லெனார்ட் நிமாய் குரல்ல வாழ்த்துச் சொல்லும். இந்த ரெண்டும் வாங்கறதா இருந்தா எரியிற, பேசுற வீடியோ அனுப்பச் சொல்லுங்க. படத்தை மட்டும் நம்பாதீங்க.

பேட்டரி வகையா இருந்தா ஜனவரியில பேட்டரியைக் கழட்டிடுங்க. கசிஞ்சு வெள்ளையா பூத்திருந்தா, பட்ஸ்ல வினிகர் தொட்டு தகட்டை மட்டும் துடைங்க. நுரை அடங்கினதும் தண்ணி தொட்ட பட்ஸ், அப்புறம் காஞ்ச பட்ஸ். வினிகர் பக்கத்துப் பெயின்ட்டுல படக்கூடாது.

#5 உப்புக்காற்று (தூத்துக்குடி)

அண்ணே, மிக்க நன்றி. ஹால்மார்க்கின் அடியில் சின்ன மரம் போட்டு அதற்குள் எண் இருக்கிறது. அது என்ன?

#6 சீரியல்செட் (ஹூஸ்டன்)

அது தொடர் எண் தம்பி. ஹால்மார்க் கீப்சேக் 1973-ல ஆரம்பிச்சப்போ ஆறு கண்ணாடிக் குண்டும் பன்னிரண்டு நூல் பொம்மையும்தான். அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு தொடர்கள் வந்துச்சு. ஆட்டக் குதிரை 1981-லேருந்து 1996 வரைக்கும், பழைய வீடுகளும் கடைகளும் 1984-லேருந்து, ஃப்ராஸ்டி ஃப்ரெண்ட்ஸ் 1980-லேருந்து. மரத்துக்குள்ள 1-னு இருந்தா தொடரோட முதல் உருவம். பெரும்பாலும் அதுக்குத்தான் விலை, ஏன்னா தொடர் பிடிச்சுப்போய் சேர்க்க ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் முதல் வருஷத்தைத் தேடி வருவாங்க.

பெட்டி இருக்கா? பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பெட்டி இல்லாத ஹால்மார்க்குக்குப் பாதி விலை கிடைச்சாலே பெரிசு. ஆனா லாபத்துக்குன்னு வாங்காதீங்க. 1980-கள், 90-கள்ல வந்ததுல நிறைய இப்ப வாங்கின விலைக்குக்கூடப் போறதில்ல. பிடிச்சு வாங்கறவங்களுக்கு இது நல்ல காலம்.

#7 பஞ்சுப்பொதி (யாழ்ப்பாணம்)

ஈரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், இங்கேயும் அதே கடற்காற்றுதான்.

கண்ணாடிக்கு ஈரம் எதிரி இல்லை, மேலேயும் உள்ளேயும் பூசியவற்றுக்குத்தான் எதிரி. பழைய பூச்சுகளில் ஜெலட்டின் பசை கலந்தவை உண்டு, ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் சுருங்கும். இப்படி இளகிச் சுருங்கி இளகிச் சுருங்கித்தான் பெயின்ட் செதில் செதிலாக எழும்புகிறது. ஒரே அளவு ஈரத்தில் இருந்தால்கூடத் தாங்கும், ஏறி இறங்குவதைத்தான் தாங்காது. மொட்டை மாடி அறை, பரண், ஓட்டுக்குக் கீழே உள்ள இடம் மூன்றும் இதனால்தான் ஆகாது. பகலில் கொதித்து இரவில் குளிரும். வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரில் ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது.

உள்ளே இருக்கும் ரசம் கறுப்பது ஈரத்தால் மட்டும் இல்லை, கந்தகத்தாலும். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, ரப்பர் வளையம் வைத்த மூடி இவை விடும் கந்தக வாயு கழுத்து வழியாக உள்ளே போய் வெள்ளியைக் கறுப்பாக்கும். பெட்டியைக் கட்ட ரப்பர் பேண்ட் வேண்டாம், பருத்தி நாடா போதும். அந்துருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், ஹால்மார்க் முகம் பிசுபிசுத்துப் போகும்.

பெட்டிக்கு பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், கிளிப் வைத்த மூடி. பிவிசி வாசனை வரும் பெட்டி வேண்டாம். உள்ளே அமிலமில்லாத வெள்ளை டிஷ்யூ. செய்தித்தாளின் மை பெயின்ட்டில் இறங்கும், தாளின் அமிலமும் கெடுக்கும். முட்டை அட்டை அளவாக இருக்கிறதே என்று பலர் எடுப்பார்கள், அதிலும் அமிலம்தான். பபிள் ராப் நேராகச் சுற்றினால் குமிழ்களின் வட்டத் தடம் பெயின்ட்டில் பதிந்துவிடும், முதலில் டிஷ்யூ, அதற்கு வெளியே வேண்டுமானால் பபிள் ராப்.

சுற்றும் விதம்: டிஷ்யூவை ஒரு முறை கசக்கி விரியுங்கள், மொறுமொறுப்புப் போய் மென்மையாகும். உருவத்தைப் படுக்க வைத்து உடலை மட்டும் தளர்வாகச் சுற்றுங்கள். மூடிப் பக்கம் ஒரு சின்னத் தாள் உருண்டையைப் பக்கவாட்டில் வைத்து, கழுத்தின் மேல் எந்தப் பாரமும் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிச் சுற்றினால் பறவையின் கண்ணாடி நார் வால் முதலில் போகும். வாலை டிஷ்யூவால் மூடாமல், ஒரு காகிதக் குழாயைச் செருகி விடுங்கள். அறைகள் பிரித்த அட்டையில் ஒரு அறைக்கு ஒன்று. இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம்.

சிலிக்கா ஜெல்: 50 லிட்டர் பெட்டிக்கு அரைக் கிலோ, மெல்லிய பருத்திப் பையில். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. நிறம் மாறியதும் அவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். ஆறிய பிறகே பெட்டிக்குள் போடுங்கள். ஒரு சின்ன ஈரமானியை மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். 40 முதல் 55 சதவீதம் நல்லது. 30-க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், மிகவும் காய்ந்தாலும் பூச்சு உரியும்.

மழை நாளில் கட்டாதீர்கள். வெயில் அடித்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு, முற்பகலில் கட்டினால் உள்ளே அடைபடும் காற்றிலேயே ஈரம் குறைவாக இருக்கும்.

#8 ஊசியிலை (டொரண்டோ)

பெட்டியிலேயே பதினோரு மாதமும் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணாடிக் கதவு அலமாரியில் வருஷம் முழுக்க வைக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை சுற்றிப் பிரிப்பதில்தான் உடைசல் அதிகம்.

6 மி.மீ. எவர்சில்வர் கம்பியைக் குறுக்கே பொருத்தி, ஒரு தட்டுக்கு 25 முதல் 30 செ.மீ. உயரம். விளக்கு அலமாரிக்கு வெளியே இருக்கட்டும், 2700 கெல்வின் (மஞ்சள் ஒளி) எல்இடி, உள்ளே சூடு ஏறக்கூடாது. நேர் வெயில் படாத சுவர். ஊடுருவித் தெரியும் சிவப்பு, இளஞ்சிவப்பு அரக்குச் சாயங்கள் வெயிலில் வெளுத்து வெறும் வெள்ளியாகிவிடும். புது எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை அமில ஆவி விடும், எஃகு அல்லது கண்ணாடித் தட்டு நல்லது.

#9 பஞ்சுப்பொதி (யாழ்ப்பாணம்)

டொரண்டோவில் சரி. கடலோரத்தில் கதவு இடுக்கு வழியாக உப்பீரம் வரும். கதவு விளிம்பில் சிலிக்கோன் பட்டை வைத்து, அடித்தட்டில் ஜெல் தட்டு வைத்து, ஈரமானியும் வைத்தால் ஒத்துக்கொள்கிறேன். ரப்பர் பட்டை வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றும் அறையும் சமையலறையை ஒட்டிய சுவரும் கூடாது.

#10 கண்ணாடிக்குருவி (நியூரம்பர்க்)

இருவர் சொல்வதும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஹால்மார்க், பளிங்குக் கண்ணாடி (கிரிஸ்டல்), புதிய இங்கே கிளாஸ் இவற்றை அலமாரியில் வையுங்கள். போருக்கு முந்திய கண்ணாடி, ஜரிகைக் கம்பி சுற்றியவை, அட்டை உருவங்கள் இவை டிசம்பருக்கு மட்டும் வெளியே வரட்டும். ஜரிகைக் கம்பி மங்கியிருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தலைமுடி அளவுக் கம்பி, தேய்த்தால் அறுந்து சுருள் அவிழ்ந்துவிடும். டிரெஸ்டன் எனப்படும், அட்டையைப் புடைப்பாக அழுத்திச் செய்த பழைய ஜெர்மானிய உருவங்கள் வாங்கினால் ராமபாணப் பூச்சிக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் பசை அந்தப் பூச்சிக்குப் பிடித்த தீனி. தனிப் பெட்டி, இறுக்கமான மூடி.

சுத்தம் செய்வது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. தண்ணீர் கூடாது, ஸ்பிரிட் கூடாது, கண்ணாடி துடைக்கும் திரவம் கூடாது, எச்சில் தொட்டுத் துடைப்பதும் கூடாது. ஆட்டு முடி மேக்கப் பிரஷ் புதியது ஒன்று, கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பம்ப் ஒன்று, இவ்வளவே. மேலிருந்து கீழாக, காற்றை முதலில், பிரஷ்ஷைப் பிறகு. பெயின்ட் செதில் எழும்பியிருந்தால் அந்த இடத்தில் பிரஷ்கூட வேண்டாம். ஷைனி பிரைட்டின் கோடுகள் காய்ந்த துணிக்கே வந்துவிடும், உள்ளங்கை வியர்வையும் போதும், பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ரசம் போன இடத்தை மறுபடி பூசச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள். புதுக் கரைசல் இருக்கும் பழைய வெள்ளியையும் கழற்றும், வெளிப் பெயின்ட்டையும் நனைக்கும். மூக்கில் போன பெயின்ட்டைத் தொட்டு வைப்பதும் வேண்டாம். அந்தத் தேய்மானம்தான் அதன் வயதுக்குச் சான்று.

#11 உப்புக்காற்று (தூத்துக்குடி)

அக்கா, கழுத்தையும் பெயின்ட்டையும் நீங்கள் சொன்ன வரிசையில் பார்த்தேன். தாத்தாவுக்கு நட்சத்திர மூடி, அது புதியது. பறவை பழையதாகத் தெரிகிறது, மேடுகளில் மட்டும் தேய்மானம், உள்ளே சாம்பல் திட்டுகள். ஷைனி பிரைட்டில் ரசம் இல்லாத குண்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவை பழுதானவையா?

#12 கண்ணாடிக்குருவி (நியூரம்பர்க்)

பழுதானவை இல்லை, உங்கள் பெட்டியிலேயே கவனித்துப் பார்க்க வேண்டியவை அவைதான். ஜெர்மனியிலிருந்து இறக்குமதி நின்றுவிடும் என்று பயந்து, ஷைனி பிரைட்டைத் தொடங்கிய மாக்ஸ் எக்கார்ட், கார்னிங் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனத்தை அணுகினார். பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோவில் மின்விளக்குக் குமிழ் செய்யும் இயந்திரத்திலேயே 1939 முதல் குண்டுகள் செய்தார்கள். போர் வந்ததும் வெள்ளியும் உலோகமும் கிடைக்காமல் போயின. உள்ரசத்தை நிறுத்தி, வெறும் கண்ணாடியில் மெல்லிய நிறக் கோடுகளை மட்டும் போட்டார்கள். உலோக மூடிக்குப் பதில் அட்டை மூடி. போருக்குப் பின் பெயர் பொறித்த, விளிம்பு நெளிந்த உலோக மூடி வந்தது. ரசம் இல்லை, அட்டை மூடி, மெல்லிய கோடுகள் என மூன்றும் சேர்ந்து இருந்தால் 1940-களின் முற்பகுதி.

கடலோரத்துக்கு இவை நல்லவையும்கூட. கறுக்க உள்ளே வெள்ளியே இல்லை. மரத்தில் விளக்குக்கு முன்னால் தொங்கவிடுங்கள், ஒளி ஊடுருவி வரும். ரசம் பூசியவற்றை விளக்குக்குப் பக்கவாட்டில் போடுங்கள்.

#13 உப்புக்காற்று (தூத்துக்குடி)

அட்டை மூடி ஈரத்தில் நமத்துப்போய் நூல் அறுத்துக்கொண்டு வருகிறது. ஒன்று ஏற்கனவே அப்படி இருக்கிறது.

#14 பஞ்சுப்பொதி (யாழ்ப்பாணம்)

அந்த மூடியில் பாரம் ஏற்றவே வேண்டாம். மெல்லிய பருத்தி நூலில் குண்டின் கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் போட்டு, எதிரெதிராக இரண்டு நூல்களை மேலே எடுத்து மூடிக்கு மேல் 3 செ.மீ. உயரத்தில் முடியுங்கள். பாரம் கழுத்தடியில் விழும், மூடி வெறுமனே உட்கார்ந்திருக்கும். கழுத்து விளிம்பு கூர்மையானது, நூல் அதில் உரசாதபடி மூடி நடுவில் இருக்க வேண்டும். கழுத்து மிகக் குட்டையாக இருந்தால் நூல் வழுக்கும். அந்தக் குண்டுகளைத் தொங்கவிடாமல், டிஷ்யூ விரித்த கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, வெளியிலிருந்து ஒரு விளக்கு வையுங்கள்.

அறுந்த மூடியைத் தூக்கிப் போடாமல் அதே பெட்டியில் காகித உறைக்குள் வைத்து, எந்தக் குண்டினுடையது என்று உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும்.